எட்டுப் பேர் ஏறிய முதல் நடை

போன மாதம் எங்கள் டெப்போவின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரே கொண்டாட்டம். பஸ் ஓட்டுவதற்கான பணம் இனி டிக்கெட் வசூலைப் பார்த்து வராது, ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துத்தான் வரும் என்று யாரோ செய்தி போட்டிருந்தார்கள். புதிதாக வந்திருக்கும் தனியார் மின்சார வண்டிகளுக்கு ஏற்கெனவே அப்படித்தான். எல்லா வண்டிகளுக்கும் அந்த முறை வரப்போகிறதாம். "இனிமே கலெக்‌ஷன் கம்மின்னு எவனும் மெமோ குடுக்க முடியாது" என்று ஒரு இளம் கண்டக்டர் எழுதியிருந்தான். கீழே வரிசையாகக் கைதட்டல்கள். அப்புறம் அவனே கேட்டான்: "குமரேசன் சார், நீங்க ரூட் சர்வே எல்லாம் எடுத்தவரு. வசூலை வச்சு எப்படி வண்டி நிறுத்துவாங்கன்னு எழுதுங்களேன், நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

எழுதுகிறேன். வண்டியை நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். என்னைப் பெரிய ஆளாகக் காட்டும் கதை இது இல்லை என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

என் வீடு இரும்புலியூரில். முப்பத்து மூன்று வருடம் தாம்பரம் பக்கத்து டெப்போவில் வேலை. கண்டக்டராகச் சேர்ந்தேன். பயிற்சி பதினைந்து நாள்தான். டிக்கெட் கிழிப்பது, விசில் கொடுப்பது, நெரிசலில் பின்படியிலிருந்து முன்படி வரை போய்த் திரும்புவது. மீதியை ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை கற்றுக்கொடுத்தது.

பயிற்சியில் யாரும் சொல்லித் தராத பாடம் ஒன்றும் உண்டு. பயணிகளில் காசு தருகிறவர்கள், தராதவர்கள் என்று இரண்டு சாதி. எங்களுக்குப் பேட்டா வசூலைப் பொறுத்து வரும். வசூல் குறைந்தால் பேட்டாவும் குறையும், மெமோவும் வரும். சேலையூரைத் தாண்டி ஒரு பள்ளிக்கூட நிறுத்தம் இருந்தது. அங்கே நிற்பவர்கள் எல்லாம் பஸ் பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். நான் இரண்டு விசில் கொடுத்துவிடுவேன். வண்டி நிற்காது, அல்லது ஐம்பது அடி தள்ளி நிற்கும். ஒரு நாள் ஒரு பெண் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலைந்து அடி ஓடிவந்து, முடியாமல் விட்டுவிட்டாள். புத்தகப் பை ரோட்டில் விழுந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். திட்டவில்லை. தினமும் நடப்பதுதானே என்பது போலப் பையை எடுத்துத் தூசி தட்டினாள்.

அதற்காக நான் வெட்கப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். அந்த வயதில் எனக்கு அது சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது.

பிறகு டிக்கெட் பரிசோதகரானேன். கடைசி ஒன்பது வருடம் போக்குவரத்துப் பிரிவு. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த டிரைவர் எதில் ஏறுவார் என்று நேர அட்டவணை போடுவதும், எந்த ரூட் தேறும், எது தேறாது என்று சர்வே எடுப்பதும் என் வேலை.

சர்வே எடுக்கும் முறையைச் சொல்கிறேன். ஒரு ரூட்டுக்கு மூன்று நாள். திங்கள், புதன், சனி. பரிசோதகர் உடுப்பு போடக்கூடாது, சாதாரணச் சட்டை. முன்படிக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டில் ஜன்னலோரம் உட்கார வேண்டும். மடியில் பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகும் அட்டை. அட்டையில் நான்கு கட்டம் போட்ட தாள்: நிறுத்தத்தின் பெயர், ஏறியவர், இறங்கியவர், உள்ளே இருப்பவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி நகர்வதற்குள் எழுதிவிட வேண்டும். பென்சிலில்தான் எழுதுவேன். பேனா என்றால் வண்டி குலுங்கும்போது தாள் கிழிந்துவிடும். வீட்டுக்கு வந்து இரவு சாப்பாட்டுக்கு முன் பேனாவால் நல்ல தாளில் எடுத்து எழுதுவேன். என் தாளில் அடித்தல் திருத்தல் இருக்காது. அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு.

ரிப்போர்ட் போவது தாமோதரன் சாரிடம். முதலில் துணை மேலாளராக இருந்தார், பிறகு கிளை மேலாளர் ஆனார். அவர் ஒரு நாளும் யாரிடமும் கத்தியதில்லை. கொண்டுபோன ரிப்போர்ட்டை நம் எதிரிலேயே எழுந்து நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படிப்பார். தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் அறிவிப்பு வருமே, அதைப் போல ஏற்ற இறக்கமே இல்லாத குரல். நாம் எழுதிய அபத்தம் எல்லாம் அந்தக் குரலில் வரும்போது நமக்கே கேட்டுவிடும். படித்து முடித்து, "சரி" என்றால் கையெழுத்துப் போடுவார். "சரியா?" என்று கேட்டால் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அவர் நிற்கும்போது யாரும் உட்கார முடியாது என்பதால் நாலு பக்கத்துக்கு மேல் ரிப்போர்ட் எழுத யாருக்கும் தைரியம் வராது.

அந்தக் காலத்தில் திங்கள்கிழமை தோறும் தலைமை அலுவலகத்தில் கூட்டம். எந்த டெப்போவில் கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்று வாசிப்பார்கள். நாங்கள் அடிமட்டத்தில் இருந்தோம். "ஏதாவது ஒண்ண நிறுத்தணும் குமரேசன். எதைன்னு நீங்க சொல்லுங்க" என்றார் தாமோதரன் சார்.

பள்ளிக்கரணையில் கிளம்பி மேடவாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று உள்தெருக்களில் வளைந்து தாம்பரம் கிழக்குக்கு வரும் சாதாரணக் கட்டண வண்டி ஒன்று உண்டு. பஸ் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒருதரம் ஓடுவதை நாங்கள் நடை என்போம். அந்த வண்டியின் முதல் நடை காலை ஐந்து நாற்பதுக்கு. மூன்று நாள் அதில் உட்கார்ந்தேன். கண்டக்டர் லோகநாதன். லோகு என்று கூப்பிடுவோம். வசூல் குறைவு என்று அதற்குள் இரண்டு மெமோ வாங்கியிருந்தான்.

மூன்று நாளும் ஏறியவர்கள் எட்டுப் பேர், ஒன்பது பேர், எட்டுப் பேர். நிறுத்தங்களில் யாரும் இல்லை. ஆனால் ரோடு காலியாக இல்லை. செம்பாக்கம் தாண்டியதுமே ஓரமாகப் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நாலு பேர், ஆறு பேர் என்று கூட்டம் கூட்டமாக. கையை வீசி வேகமான நடை. சிட்லபாக்கம் ஏரிக்கரை வந்ததும் இன்னும் கூட்டம்.

"இன்னாடா லோகு, இவ்ளோ பேர் வாக்கிங் போறாங்க?" என்று கேட்டேன்.

"ஏரியில பாதை போட்டதிலேர்ந்து இப்படித்தான் சார். எல்லாருக்கும் சுகர்" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். அவர்கள் கையில் பை இருந்ததைப் பார்த்தேன். திரும்பும்போது பால், காய் வாங்குவார்கள் என்று நினைத்தேன். காலில் ஷூ இல்லை, ரப்பர் செருப்பு. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு அட்டையில் அடுத்த நிறுத்தத்தின் பெயரை எழுதினேன்.

தாமோதரன் சார் நின்றுகொண்டு படித்தார். "முதல் நடை. சராசரிப் பயணிகள் எட்டு. வழிநெடுக நிறுத்தங்களில் காத்திருப்போர் எவருமில்லை. இந்நேரத்தில் பயணத் தேவை இல்லை எனத் தெரிகிறது. நடையை நிறுத்தலாம்." பிறகு, "சரி" என்றார்.

மறுமாதம் நிறுத்தினோம். டெப்போவுக்கு ஒரு மனுகூட வரவில்லை. என் முடிவு சரி என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

சில வருடம் போனது. சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் காசு வேண்டாம் என்று அரசு அறிவித்தது. காசு வாங்காவிட்டாலும் ஒவ்வொரு பெண்ணுக்கும் கண்டக்டர் ஒரு டிக்கெட் கொடுக்க வேண்டும். அந்த டிக்கெட்டுகளின் எண்ணிக்கையை வைத்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு பணம் கட்டும். பயணி கொடுக்காத காசை அரசு கொடுக்கும், அவ்வளவுதான். சாதாரணக் கட்டண வண்டிகளைக் கூடுதலாக ஓட்டுங்கள் என்று மேலிருந்து உத்தரவு வந்ததால், நின்றுபோன அந்த ஐந்து நாற்பது நடையும் திரும்ப வந்தது. யாரும் கேட்டு வரவில்லை. பழைய அட்டவணையில் இருந்ததால் வந்தது. லோகுவே கண்டக்டர்.

இரண்டு வாரம் கழித்துத் தாமோதரன் சார் என்னைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள். ஒன்று டிக்கெட் மெஷினிலிருந்து எடுத்த பட்டியல். இன்னொன்று என் பழைய ரிப்போர்ட்.

"எட்டுப் பேர் ஏறின நடை குமரேசன். இப்போ தினம் எழுபது பெண்கள்ங்கறான் லோகநாதன். மத்த எந்த ட்ரிப்பும் இப்படி ஏறலை. விடியற்காலை அஞ்சே முக்காலுக்கு எழுபது பெண்கள் எங்கேர்ந்து வருவாங்க?"

"கள்ள டிக்கெட்டா சார்?"

"மெஷினை அழுத்தினா டிக்கெட் வரும், வசூல் கணக்கும் ஏறும். பழைய மெமோக்களுக்குப் பழி வாங்கறான்னு ஆபீஸ்ல பேச்சு. கவர்மென்ட் பணம். மாட்டினா சஸ்பென்ஷனோட நிக்காது, டிஸ்மிஸ்தான். போய்ப் பிடிங்க. நீங்களே போங்க, அந்த ரூட் உங்களுக்குத் தெரியும்."

தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். லோகுவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தாள். பாவம் என்று தோன்றியது. ஆனால் அவன் செய்திருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எட்டுப் பேர் என்று எழுதியது நான் அல்லவா.

மறுநாள் இன்னொரு பரிசோதகரோடு செம்பாக்கத்துக்கும் சிட்லபாக்கத்துக்கும் நடுவே ஒரு வளைவில் நின்றேன். முகக்கவசம் போட்டுக்கொண்டிருந்த காலம். விடிந்துகொண்டிருந்தது. ரோட்டோரம் மழைநீர்க் கால்வாய்க்காகத் தோண்டிய மண் குவிந்து கிடந்தது. ரோட்டில் ஒருவரும் இல்லை. ஏதோ ஒன்று குறைகிறதே என்று எனக்குத் தோன்றியது. என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

வண்டி வந்தது. இடது பக்கம் சாய்ந்துகொண்டு வந்தது. படியில் தொங்கியவர்கள் பெண்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையில் பை, ஒரு கையில் கம்பி. முப்பது வருடத்தில் நான் பெண்கள் ஃபுட்போர்டில் தொங்கிப் பார்த்ததில்லை.

கூட வந்தவர், "அண்ணே, இது என்ன கல்யாண வண்டியா?" என்றார்.

நான் கையை நீட்டினேன். வண்டி நின்றது.

செக்கிங்குக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் கண்டக்டர் கையிலிருந்து மெஷினை வாங்கிவிட வேண்டும், நம்மைப் பார்த்த பிறகு அவன் ஒரு டிக்கெட்கூட அடிக்கக்கூடாது. கடைசி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பின்படி, ஒருவர் முன்படி. ஒவ்வொருவரின் டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்து, ஓரத்தில் கிழித்துக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் ஒரே டிக்கெட்டை இரண்டு பேர் காட்ட முடியாது. லோகு மெஷினைக் கொடுத்தான். "எண்ணிக்கோங்க சார். நல்லா எண்ணிக்கோங்க" என்றான், அவ்வளவுதான்.

மெஷினில் அந்த நடைக்குக் கட்டணமில்லா டிக்கெட் எழுபத்திரண்டு.

எண்ணத் தொடங்கினோம். செல்போன் உறையிலிருந்து ஒருத்தி எடுத்தாள். வளையலுக்கு நடுவே சுருட்டி வைத்திருந்ததை ஒருத்தி எடுத்தாள். ஒரு வயதானவள், காசு கொடுக்காததற்குத்தான் பிடிக்க வந்திருக்கிறோம் என்று பயந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாயை நீட்டினாள். வண்டிக்குள் பினாயில் வாசனை, பழைய சோறு வாசனை, மல்லிகைப்பூ வாசனை. கால் மணி நேரம் ஆனது. கடைசியில் கூட்டிப் பார்த்தோம். எழுபத்தொன்று.

மறுபடி எண்ணினோம். எழுபத்தொன்றுதான்.

ஒரு டிக்கெட் கூடுதல். ஒன்றானாலும் கள்ள டிக்கெட்தான். லோகு கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். "சார், சத்தியமா குடுத்திருக்கேன் சார். ஏறினவங்க யாரும் இன்னும் இறங்கலை சார், உள்ளதான் இருக்காங்க." பெண்கள் எல்லோரும் லோகுவைத் திரும்பிப் பார்த்தார்கள். வேலைக்கு நேரமாகிறது என்று ஒருத்தி முனகினாள்.

அப்போது டிரைவர் பக்கத்திலிருந்து ஒரு குரல். "யோவ் சார், என்னிய எண்ணலயே நீ."

எட்டிப் பார்த்தேன். இன்ஜின் பெட்டிக்கும் முன்கதவுக்கும் நடுவே தரையில் ஒரு அம்மாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முன்னால் நின்ற கூட்டத்தில் மறைந்துபோயிருந்தாள். முழங்காலில் துணி கட்டியிருந்தது. விரலுக்கு நடுவே டிக்கெட். "முட்டி வலி, நிக்க முடில. அதான் குந்திகினேன்" என்றாள்.

எழுபத்திரண்டு. லோகு அப்படியே கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

நான் அவளிடம் குனிந்து டிக்கெட்டை வாங்கிக் கிழித்தேன். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது. "ஏம்மா, நீங்கள்லாம் இதுக்கு முன்னாடி எதுல போனீங்க?"

"எதுல போவோம்? நடந்துதான்."

"எவ்ளோ தூரம்?"

"செம்பாக்கம் தாண்டி எங்க வூடு. சிட்லபாக்கத்துல ஃபிளாட்டுங்க கீது பாரு, அங்க பெருக்கிறேன். மூணு கிலோமீட்டர் மேல வரும். தோ நிக்கிறாளே, இவ பெருக்கப் போறது ஆஸ்பத்திரிக்கு, இன்னும் தூரம். போவ அஞ்சு, வர அஞ்சுன்னு பஸ்ஸுக்குக் குடுத்தா மாசக் கடைசில இன்னாத்த துன்றது?" என்றவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் முகக்கவசத்தைக் கீழே இறக்கினேன். "அட, நீயா சார்? உன்னிய எனக்குத் தெரியும். ரெண்டு மூணு வருசம் முன்னால இந்த வண்டில முன்சீட்டுல குந்திகினு அட்ட வச்சு எழுதிகினு போவியே. நாங்க ஓரமா நடந்துகினு போவோம். யாரோ கவர்மென்ட்டு ஆளு, நம்பள எண்ணறாரு, வண்டி நெறைய வுடப் போறாங்கன்னு பேசிக்கினோம். பாத்தா இருந்த வண்டியும் பூட்ச்சு."

யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கோபமே இல்லாத சிரிப்பு. எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் தூசி தட்டியது கண்முன் வந்து நின்றது.

ரோட்டில் என்ன குறைகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. ஏரிக்கரைக்குப் போகும் அந்தக் கூட்டம் இல்லை. அவர்கள் யாரும் உடம்புக்காக நடந்தவர்கள் இல்லை. அத்தனை பேரும் வண்டிக்குள் இருந்தார்கள். மூன்று நாள் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே, இந்நேரத்தில் பயணத் தேவை இல்லை என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன். நிறுத்தத்தில் காத்திருப்போர் எவருமில்லை என்பதும் உண்மைதான். நடந்துகொண்டிருந்தவர்கள் எப்படிக் காத்திருப்பார்கள்?

அந்த அம்மாளின் பெயர் எஸ்தர். நான் வண்டியை விட்டு இறங்குமுன் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வண்டியை அனுப்பிவிட்டு அந்த வளைவிலிருந்து சிட்லபாக்கம் வரை நடந்தே வந்தேன். பாதிக்கு மேல் நடைபாதை கிடையாது. தோண்டிய மண்ணுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே ஒரு ஆள் ஒண்டிப் போகும் இடம்தான். ஒரு லாரி உரசிக்கொண்டு போனதில் மண் குவியலில் ஏறிவிட்டேன். எத்தனையோ வருடம் வண்டிக்குள் உட்கார்ந்து அந்த ரோட்டில் போயிருக்கிறேன். கால் வைத்தது அன்றுதான்.

ரிப்போர்ட் எழுதினேன். டிக்கெட்டுகள் அனைத்தும் உண்மை, கண்டக்டர் மேல் தவறில்லை என்று ஒரு பக்கம். அதற்குக் கீழே ஒரு பாரா சேர்த்தேன். தாமோதரன் சார் எழுந்து நின்று படித்தார். அதே ரயில் அறிவிப்புக் குரல். "முந்தைய ஆய்வில் வண்டியில் ஏறியவர்கள் மட்டுமே எண்ணப்பட்டனர். கட்டணம் செலுத்த இயலாமல் அதே சாலையில் நடந்து சென்றவர்கள் கண்ணில் பட்டும் எண்ணப்படவில்லை. அதன்பேரில் நடையை நிறுத்தப் பரிந்துரைத்துத் தவறு செய்தேன்."

அங்கே நிறுத்தினார். அவர் ஒரு ரிப்போர்ட்டை நடுவில் நிறுத்தியதை நான் பார்த்ததில்லை. பிறகு இன்னொன்றும் செய்தார். உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

"குமரேசன், ரிடையராக உங்களுக்கு எட்டு மாசம்தான் இருக்கு."

"ஆமா சார்."

"இந்தப் பாரா மேல போச்சுன்னா எக்ஸ்பிளனேஷன் கேப்பாங்க. கேள்வி முடியறவரைக்கும் உங்க பேப்பர் நகராது. லோகநாதனைக் காப்பாத்த மேல இருக்கறதே போதும். கீழ இருக்கறது தேவையில்லை."

"கீழ இருக்கறது இல்லைன்னா அந்த எட்டுங்கற நம்பர் அப்படியே இருக்கும் சார். நாளைக்கு இந்தத் திட்டம் மாறினா, அந்தத் தாளை எடுத்து மறுபடி நிறுத்திடுவாங்க."

"அதுல என் கையெழுத்தும் இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அவர் "சரி" என்றும் சொல்லவில்லை, "சரியா?" என்றும் கேட்கவில்லை. நான் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கையை நீட்டினேன். அவர் பேனாவை எடுத்தார். பாராவின் கடைசி வார்த்தையான 'செய்தேன்' என்பதை அடித்துவிட்டு மேலே 'செய்தோம்' என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டு என்னிடம் தள்ளினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அத்தனை வருடம் அவரிடம் வேலை பார்த்தவன், அவரை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பது போல இருந்தது.

அவர் சொன்னபடியே ஆனது. இருவருக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். எனக்கு ஓய்வுக் காகிதங்கள் ஆறு மாதம் தாமதமாக வந்தன. லோகு அதே நடையில் தொடர்ந்தான். நான் ஓய்வு பெற்ற நாளில் அவன் என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று, "அன்னிக்கு அந்தம்மா வாயைத் திறக்கலைன்னா என்னை என்ன பண்ணியிருப்பீங்க சார்?" என்று கேட்டான். "எழுதியிருப்பேன் லோகு" என்றேன். அவன் தலையை ஆட்டினான். உள்ளே வந்து காப்பி குடித்துவிட்டுப் போனான்.

இங்கே முடித்திருக்கலாம். குழுவில் போட வைத்திருந்த கட்டுரை இவ்வளவுதான். ஆனால் போன செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது.

சிட்லபாக்கத்தில் உறவினர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். மதியம் இரண்டேகால். ரோட்டில் தார் இளகும் வெயில். செம்பாக்கம் பக்கம் போகும் ஓரத்தில் பெண்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் முந்தானை, கையில் பை. முழங்காலில் துணி கட்டி ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தவளை எங்கேயும் அடையாளம் தெரியும். வண்டியை நிறுத்தினேன்.

"எஸ்தரக்கா, ஃப்ரீ பஸ் இருக்கறப்போ ஏன் வெயில்ல நடக்கறீங்க?"

"வா சார், நல்லா கீறியா?" என்றாள். "பஸ் எங்க கீது? காலைலதான் கீது. ரெண்டு மணிக்கு வேல வுடறாங்க. ஒன்ற மணி வண்டி அதுக்கு முன்னாலயே பூடுது. அடுத்தது நாலு மணிக்கு. நடுவுல டூட்டி மாத்தறாங்களாம், டிரைவரு சொன்னாரு. ரெண்டு அவர் வேல உட்ட எடத்துல குந்திகினு இருந்தா, வாட்ச்மேன் எழுந்து போன்னு சொல்றான். நடந்தா மூணு மணிக்கு வூடு."

"அப்போலேர்ந்தே இப்படித்தானா?"

"அப்போலேர்ந்தேதான். போவறதுக்கு வண்டி வந்துச்சே, அதுக்கே சாமிக்கு நன்றி சொல்லிகினு கீறோம்."

மதியம் இரண்டு மணிக்கு டிரைவர், கண்டக்டர் மாறுவார்கள். வண்டி டெப்போவுக்குப் போய்த் திரும்ப வேண்டும். வசூல் குறைந்த ரூட்டுகளின் வண்டிகளைத்தான் அதற்கு முதலில் எடுப்போம். அந்த அட்டவணையை ஒன்பது வருடம் போட்டவன் நான். ஒன்றரை மணி வண்டிக்கும் நாலு மணி வண்டிக்கும் நடுவே ஒரு கோடு இழுத்துவிடுவேன். காலையில் எழுபத்திரண்டு பேர் போவதைக் கண்ணால் பார்த்து, எண்ணி, அதற்காக மெமோவும் வாங்கினேன். போனவர்கள் எப்படித் திரும்புவார்கள் என்று ஒரு தடவைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வெயிலில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எஸ்தரக்காவை ஏற்றிக்கொண்டு போய் அவள் வீட்டு முனையில் விட்டேன். மற்றவர்கள் நடந்தார்கள்.

அங்கிருந்து நேராக டெப்போவுக்குப் போனேன். போக்குவரத்துப் பிரிவில் இப்போது கவிதா என்று ஒரு பெண் இருக்கிறாள், கெட்டிக்காரி. கிலோமீட்டருக்குப் பணம் வரும் புது முறைக்கு அட்டவணை தயாராகிவிட்டது என்று கம்ப்யூட்டரில் காட்டினாள். "இனிமே வசூலே பாக்க வேணாம் சார். எந்த நேரத்துல ஓட்டினாலும் காசு வந்துடும்" என்றாள் சந்தோஷமாக.

அந்த ரூட்டைக் காட்டச் சொன்னேன். ஒன்றரை மணி. அதற்குக் கீழே ஒரு கோடு. அதற்குக் கீழே நாலு மணி.

"இது யாரும்மா போட்டது?"

"உங்களதுதான் சார். உங்க டைம் டேபிள் நீட்டா இருந்துச்சு, ஒரு திருத்தம்கூட இல்ல. அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம்."

"இந்தக் கோட்டை எடுத்துடும்மா."

"நான் எப்படி சார் எடுக்கறது? டெண்டரோட சேந்து போயிடுச்சு. இத்தனை கிலோமீட்டர்னு கையெழுத்தாயிடுச்சு. இனிமே ஒரு நடை சேக்கணும்னாலும் மேலேர்ந்துதான் வரணும். யாராவது பொதுமக்கள் மனு குடுத்தாங்கன்னா அனுப்பி வைக்கறேன்."

வெளியே வந்து, பொதுமக்கள் நிற்கும் ஜன்னல் பக்கம் நின்றேன். உள்ளே இருந்து முப்பத்து மூன்று வருடம் பார்த்த ஜன்னல். ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, என் பெயர், விலாசம் எழுதி, 'பொதுமக்களில் ஒருவன்' என்று எழுதி, மதியம் இரண்டேகாலுக்கு ஒரு நடை வேண்டும் என்று எழுதினேன். எத்தனை பேருக்கு என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. எனக்குத் தெரியவில்லை. நான் எண்ணவில்லை.

அதனால் மறுநாள் மதியம் போய் ரோட்டோரம் நின்றேன். அதற்கடுத்த நாளும் போனேன். நாளைக்கும் போவேன். இந்தமுறை நடந்து போகிறவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.